சாரணர் படையில் மூத்தோரும் இளையோரும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழாக் காணும் இச்சங்கத்தின் விடுதியைப் பற்றியும் இரவுப் பாடசாலையைப் பற்றியும் பேசுதற்கு நம்மினும் தகுதியுடையோர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். ஆதலின் அவற்றை விடுத்து, சங்கத்தின் சாரணர் படையைப் பற்றி மட்டும் சில சொல்ல விரும்புகிறோம். புகழ்ந்து பேசுதற்கன்று. சென்ற ஆண்டு அப்படை கலைந்து போகும் நிலைக்கு வந்தது. அஃது ஏன் என்பதை இவ்வவையில் ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுவதே முறை எனக் கருதுகிறோம்.

நடந்தது சிறிய செய்திதான். ஆண்டு முகாமின் இரண்டாம் நாள் மாலை, கொடி இறக்கும் வேளை. தொடக்க நாள் முதலாகப் படைக்குத் தொண்டு செய்துவரும் மூத்தவர் ஒருவர், எழுபதைக் கடந்தவர், அணிவகுத்து நின்ற பிள்ளைகளின் ஸ்கார்ஃபை, அதாவது கழுத்துத் துணியை, ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தார். நால்வருடையது சரியாக மடிக்கப்படவில்லை. முழுப் படையையும் கலைத்து மீண்டும் அணிவகுக்கச் சொன்னார். ஒரு முறையன்று, மூன்று முறை. இருட்டிவிட்டது. கல்லூரியில் பயிலும் திரிசாரணர் ஒருவர் முன்வந்து, "ஐயா, ஒரு முழத் துணிக்கு இவ்வளவு பாடா? பிள்ளைகள் பசியோடு நிற்கிறார்கள்" என்றார். பெரியவர் மறுமொழி கூறவில்லை. கழுத்திலிருந்த ஊதலைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இரவுப் பேருந்தில் ஊர் திரும்பிவிட்டார்.

மூன்று மாதம் அவர் வரவில்லை. அவர் வாராமை கண்டு மற்ற மூத்த தொண்டர் இருவரும் வரவில்லை. "எங்களைக் குற்றவாளி ஆக்கிவிட்டார்கள்" என்று இளைஞர்களும் நின்றுவிட்டனர். சனிக்கிழமைதோறும் மைதானத்திற்கு வந்தவர்கள் சின்னஞ்சிறு குருளையர் 11 பேர் மட்டுமே.

நாம் இரு சாராருக்கும் நடுவயதினர். பெரியவருக்குத் தம்பி, பிள்ளைகளுக்கு ஐயா. இரு சாராரும் நம்மைத் தம் பக்கத்தவர் என்றே எண்ணுவர். ஆயினும் இரு சாராரும் நம்மிடம் முழுமையாக மனம் திறப்பதில்லை. எனவே இரு வாயிற்படியும் ஏற வேண்டியதாயிற்று.

பெரியவர் வீட்டில் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து பழைய கழுத்துத் துணி ஒன்றை எடுத்துக் காட்டினார். நிறம் முற்றும் வெளுத்திருந்தது. மடிப்பு மட்டும் அப்படியே இருந்தது. 1967-ஆம் ஆண்டு அவர் உயர்நிலைப் பள்ளி மாணவர். நம் மக்கள் ஊர்த்தெருவில் நடக்கும்போது தோளிலுள்ள துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும், செருப்பைக் கையில் தூக்கிக்கொள்ள வேண்டும் என்றிருந்த வழக்கத்தை நாம் நூலில் தேடிப் படிக்க வேண்டியதில்லை. இவ்வவையில் அமர்ந்திருக்கும் பாட்டனார் பலர் அவ்வாறு நடந்தவர்களே. சாரணர் பேரணி முடிந்து சீருடையோடு திரும்பிய சிறுவனை, ஊர் எல்லையில் காத்திருந்த தந்தையார் கண்டு, "கழுத்தில் கிடப்பதை அவிழ்த்துவிடப்பா, வம்பு வேண்டாம்" என்று கெஞ்சினாராம். சிறுவன் அவிழ்க்கவில்லை. தேநீர்க் கடைப் பலகையிலிருந்து ஒருவர், "என்னடா அது கழுத்தில்?" என்று கேட்டார். சிறுவன் நிமிர்ந்து நின்று மூன்று விரல் சேர்த்துச் சாரணர் வணக்கம் செலுத்தி, "பள்ளிச் சீருடை" என்றான். கேட்டவர்க்கு மேலே என்ன சொல்வதென்று தெரியவில்லை. அன்றிரவு தந்தையார் உறங்கவில்லை.

"நன்றாக மடித்துக் கட்டிய துணியை அவிழ் என்று சொல்ல எவனுக்கும் நா எழாது தம்பி; தொளதொளவென்று கிடந்தால்தான் கை நீளும்" என்றார் பெரியவர்.

இதைப் பிள்ளைகளிடம் ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை என்று கேட்டோம். "சொல்ல அதிலே என்ன பெருமை இருக்கிறது? நாம் பட்டது அவர்கள் காதில் விழ வேண்டாம் என்றுதானே படிக்க வைத்தோம்" என்றார்.

இளைஞர்களிடம் சென்றோம். துணியைப் பற்றி அவர்கள் பேசவே இல்லை. அணித் தலைவர் மன்றம் கூடி ஆறாண்டு ஆயிற்று என்றனர். முகாம் எங்கே, பேரணிக்குச் செல்வோர் யார், தொண்டு யாது என அனைத்தும் சங்கத் திண்ணையில் மூத்தோர் நால்வர் கூடி முடிவு செய்வனவே. "மழைக்காலத்தில் காலனிக்குள் தண்ணீர் புகுந்த அன்று, முதலுதவிப் பயிற்சி பெற்ற நாங்கள் பன்னிரண்டு பேர் கொடிக்கம்பத்திற்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தோம் ஐயா" என்றார் அந்தத் திரிசாரணர். நம்மால் விடை கூற இயலவில்லை. இன்னும் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மன்றம் ஆண்டுக்கு நான்கு முறை கூடியதாகப் பதிவேடு உண்டு. கூடாத கூட்டத்திற்கு ஒப்பமிட்டவர் நாமே.

பிள்ளைகளுக்கு அதிகாரம் கொடுத்தால் கட்டுப்பாடு போய்விடும் என்பர் மூத்தோர். ஆனால் இவ்வியக்கம் பிறந்ததே அப்படிக் கொடுத்ததனால்தான். 1907 ஆகஸ்டில் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் முதல் முகாமை நடத்தியபோது அவருக்கு வயது 50. ஏறத்தாழ 20 சிறுவர்கள். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் கலந்திருந்தனர். அவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மூத்த சிறுவன் ஒருவனிடம் ஒப்படைத்தார். படைத்தலைவராக வாழ்ந்தவர் அவர். ஆணையிடத் தெரியாதவர் அல்லர்.

இளைஞர்களும் ஒன்றை அறிய வேண்டும். இந்தியாவில் 1909-இல் இயக்கம் கால்கொண்டபோது அது ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பிள்ளைகளுக்கே உரியதாக இருந்தது. இந்தியச் சிறுவர்களுக்கெனச் சென்னையில் 1916-இல் தனிச் சாரணர் சங்கம் கண்டவர் அன்னி பெசன்ட் அம்மையார். அருண்டேல் துணை நின்றார். அதே அம்மையார்தாம் 1909-இல் நம் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் அமர்த்துவதை எதிர்த்து எழுதியவர். 1950 நவம்பர் 7-இல் பிரிந்திருந்த சங்கங்கள் இணைந்து பாரத சாரணர் இயக்கம் தோன்றிய பின்னரும், சேரிச் சிறுவன் சீருடையோடு ஊர்த்தெருவில் நடப்பது எளிதாக இருக்கவில்லை. கதவு ஒன்றன்று, பல.

அடுத்த முகாமில், இரவில் தீ மூட்டி அமர்ந்த வேளையில், பெரியவரை அழைத்துப் பேசச் செய்தோம். தகரப் பெட்டித் துணியையும் கொண்டு வந்திருந்தார். அவர் பேசி முடித்தபின் கைதட்டல் எழவில்லை. அந்தத் திரிசாரணர் எழுந்து, இருட்டிலேயே தம் துணியை அவிழ்த்து மீண்டும் மடித்துக் கட்டிக்கொண்டார். மன்னிப்புக் கேட்கவில்லை, பெரியவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

மன்றம் இப்போது மாதத்தின் முதற் சனிக்கிழமை உண்மையாகவே கூடுகிறது. மூத்தோர் அமரலாம், கேட்டால் கருத்துரைக்கலாம், வாக்கில்லை. இதற்கு இசைய மூத்தோரில் ஒருவருக்கு மனம் வரவில்லை. அவர் இன்றும் வருவதில்லை, அது நமக்கு வருத்தமே. மன்றம் செய்த முதல் முடிவும் பிழையாயிற்று. ஆற்றங்கரை மணலில் கூடாரம் அடித்தனர். இரவு மழையில் அரிசி மூட்டை நனைந்தது. பெரியவர் இடம் பார்த்தபோதே அறிந்திருந்தார், கேட்காததால் சொல்லவில்லை. மறுநாள் கேட்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளும் பொருள், முகாமிற்குக் கைப்பேசி கொண்டு வரலாமா என்பது. முதலில் தாம் பேச வேண்டும் என்று பெரியவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அணித் தலைவர்கள் கூடி, அவர் கடைசியில் பேசலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.