இரையும் கணினி, அணையும் திரை: கோளாறு எங்கே?



ஐந்தாறு ஆண்டு உழைத்த மேசைக் கணினி ஒன்று, ஒரு நாள் மாவரைக்கும் கிரைண்டர் போல இரையத் தொடங்குகிறது. பிள்ளை பள்ளிப் பாடவேலையைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே திரை நீலமாகிறது, அல்லது சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடுகிறது. வீட்டார் உடனே இரண்டில் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். வைரஸ் புகுந்துவிட்டது என்று எல்லாவற்றையும் அழித்து விண்டோசை மறுபடி நிறுவுகிறார்கள். இல்லையென்றால் இதன் ஆயுள் அவ்வளவுதான் என்று புதிதாக வாங்கிவிடுகிறார்கள். முதலாவதில் திருமணப் படங்களும் கணக்கு வழக்குகளும் போகின்றன. இரண்டாவதில் ஆயிரம் வெள்ளி போகிறது. உண்மையான காரணமோ பல வீடுகளில் விசிறிக்கு அடியில் படிந்து கிடக்கும் தூசிதான்.

சுவா சூ காங் போன்ற பேட்டைகளின் வீவக வீடுகளில் கணினி படும் பாட்டைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அறைக்குள் பகலில் 30 டிகிரி வெப்பம். ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். குளிர்ந்த நாடுகளில் தூசி உதிரியாகப் படியும். இங்கே ஈரத்தோடும் தாளிக்கும் எண்ணெய்ப் புகையோடும் சேர்ந்து கம்பளித் துணி போல ஒட்டிக்கொள்கிறது. நம் வீடுகளில் சாம்பிராணியும் ஊதுபத்தியும் வேறு. பூசை மாடத்துக்குப் பக்கத்தில் கணினியை வைத்திருப்பவர்கள் ஒரு முறை அதன் பின்புறத்தை விரலால் தொட்டுப் பார்க்கட்டும். 2013 ஜூன் 21ஆம் தேதி புகைமூட்டக் குறியீடு 401ஐத் தொட்டபோது நாம் சன்னலை மூடிக்கொண்டோம். கணினியின் விசிறி அதே காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருந்தது. இடம் போதவில்லை என்று வீட்டுப் பாதுகாப்பு அறைக்குள் கணினியை வைக்கிறவர்களும் உண்டு. காற்றோட்டம் குறைந்த அந்த அறை கணினிக்கு அடுப்பங்கரை மாதிரி.

முதல் சோதனைக்குக் காசு வேண்டாம், காது போதும். சீராக ‘உஸ்’ என்று இரைந்தால் விசிறி நன்றாகத்தான் இருக்கிறது. சூடு தாங்காமல் வேகமாகச் சுழல்கிறது என்று பொருள். விசிறியின் வேகம் இரு மடங்கானால் இரைச்சல் ஏறத்தாழ 15 டெசிபல் கூடும், அதனால்தான் அந்த ஆர்ப்பாட்டம். கரகரவென்று உராயும் ஒலி வந்தால் விசிறியின் தாங்கியில் எண்ணெய் வற்றிவிட்டது. அந்த விசிறியை மாற்றத்தான் வேண்டும். பத்துப் பதினைந்து வெள்ளி வேலை. ‘டிக், டிக்’ என்று விட்டுவிட்டுத் தட்டும் ஒலி மட்டும் வேறு வகை. அது விசிறியில் ஒயர் உரசுவதாக இல்லையென்றால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வருவது. அப்போது கணினியைத் திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டுச் சோதிக்கக் கூடாது. துடைப்பது, பழுது பார்ப்பது எல்லாம் பிறகு. முக்கியமான கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுப்பதே முதல் வேலை.

அடுத்து, கணினி எப்போது அணைகிறது என்று கவனிக்க வேண்டும். காலையில் ஒழுங்காக வேலை செய்து, விளையாட்டு ஆடத் தொடங்கிய கால் மணி நேரத்தில் அணைந்தால் சூடுதான் சந்தேகத்துக்குரியது. இதை உறுதி செய்ய எளிய வழி உண்டு. பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு, மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்து, அதே விளையாட்டை ஓட விடுவது. கணினி அணையாமல் தாக்குப்பிடித்தால் விண்டோசின் மேல் பழி போட வேண்டியதில்லை. பிராசசரின் சூட்டைக் காட்டும் இலவச மென்பொருள்களும் கிடைக்கின்றன. வேலை இல்லாத நேரத்தில் 40, 50 டிகிரி என்பது நம் ஊர் வெப்பத்துக்கு இயல்பு. வேலையின்போது 90ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். சூடு எல்லை மீறும்போது பிராசசர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் தணியாவிட்டால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். ‘கணினி மெதுவாகிவிட்டது’ என்ற புகாரும் ‘அணைந்துவிடுகிறது’ என்ற புகாரும் பல நேரம் ஒரே நோய்தான்.

சுத்தம் செய்வதில் பலர் பின்பக்கக் கம்பி வலையைத் துடைத்துவிட்டு வேலை முடிந்ததென்று நினைக்கிறார்கள். தூசி அடைந்திருக்கும் இடம் அதுவல்ல. பிராசசரின் மேல் இருக்கும் விசிறிக்கும், அதன் கீழே தகடு தகடாக இருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பார்க்க வேண்டும். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, கணினியின் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, மிச்ச மின்சாரம் வடிந்தபின் பெட்டியின் உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கலாம். ஓவியத் தூரிகையும் காற்றுக் குப்பியும் போதும். காற்றடிக்கும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சுழல விட்டால் தாங்கி கெடும். வீட்டு வெக்குவம் கிளீனரை உள்ளே நுழைப்பது வேண்டாத வேலை. அதில் உண்டாகும் நிலைமின்சாரம் நுண்ணிய பாகங்களைக் கெடுத்துவிடக்கூடும்.

தூசி போன பின்னும் சூடு குறையாவிட்டால் ஹீட்சிங்கைப் பார்க்க வேண்டும். 2004இல் வந்த இன்டெல் 775 வகை முதற்கொண்டு அது நான்கு பிளாஸ்டிக் முளைகளால் பொருத்தப்படுகிறது. கணினியைத் தூக்கி இறக்கும்போது ஒரு முளை தளர்ந்தாலும் ஹீட்சிங் ஒரு பக்கம் எழும்பிவிடும். தொடாத இடத்தில் சூடு எப்படி இறங்கும்? நடுவில் தடவியிருக்கும் வெப்பப் பசையும் ஆண்டுக் கணக்கில் காய்ந்து சுண்ணாம்பாகிவிடும். பழைய ஏஎம்டி கணினிகளில் ஹீட்சிங்கை வெடுக்கென்று இழுத்தால் பிராசசரும் ஒட்டிக்கொண்டு பிடுங்கி வரும். கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டு, அணைத்து, பசை இளகிய சூட்டோடு மெல்லத் திருகி எடுப்பதே முறை. பழைய பசையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, அரிசி அளவு புதுப் பசை வைத்தால் போதும். தோசைக்கு எண்ணெய் விடுவது போல ஊற்றுகிறவர்கள் உண்டு. அதனால் பயன் எதுவும் இல்லை.

சூடே இல்லாமல் கணினி அணைந்தால் கதை வேறு. உலகம் முழுவதும் நடந்த ஒரு கோளாறு இங்கே நினைவுக்கு வர வேண்டும். 1999 முதல் 2007 வரை தயாரான ஏராளமான மதர்போர்டுகளில் மட்டமான மின்தேக்கிகள் புகுந்துவிட்டன. கட்டைவிரல் நுனி உயரத்தில் உருளை உருளையாக நிற்குமே, அவைதாம். உள்ளே இருந்த நீர் கலந்த திரவத்தில் அரிப்பைத் தடுக்கும் சேர்மானம் சரியில்லை. அதனால் ஹைட்ரஜன் வாயு உண்டாகி உருளையின் தலை உப்பியது. சிலவற்றில் பழுப்பு நிறத் திரவம் கசிந்தது. டெல் நிறுவனம் 2005இல் தன் ஆப்டிபிளக்ஸ் கணினிகளைச் சரிசெய்ய 30 கோடி அமெரிக்க டாலர் ஒதுக்க நேர்ந்தது. பிற்காலத்து மின்தேக்கிகள் மேம்பட்டவை என்றாலும் ஒரு கணக்கு மாறவில்லை: சூடு 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது. வெப்ப நாட்டில் தூசியைத் தட்டாமல் விடுகிறவர்கள் இதைத்தான் விலையாகக் கொடுக்கிறார்கள். மூடியைக் கழற்றி, கைவிளக்கை அடித்து, எல்லா உருளைகளின் தலையும் தட்டையாக இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. உப்பியிருந்தால் பற்றவைக்கத் தெரிந்தவர் மாற்றித் தரலாம்.

மின்வழங்கிப் பெட்டிக்குள்ளும் இதே உருளைகள் இருக்கின்றன. அதை மட்டும் வீட்டில் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் அதில் தங்கியிருக்கும். முழுப் பெட்டியாக மாற்றுவதே சரி. பழைய பெட்டிகளின் பின்னால் உள்ள சிவப்பு விசை 230 என்ற எண்ணில் இருக்க வேண்டும். நினைவகப் பலகைகளைக் கழற்றி மறுபடி அழுத்திப் பொருத்துவதும், மெம்டெஸ்ட் 86 பிளஸ் என்ற இலவசச் சோதனையை ஓரிரவு ஓட விடுவதும் மீதி.

இதெல்லாம் செய்யத் துணிவில்லாதவர்கள் கடைக்குப் போகத்தான் வேண்டும். சுவா சூ காங்கிலிருந்து எல்ஆர்டியில் புக்கிட் பாஞ்சாங் போய், டவுன்டவுன் பாதையில் ரோச்சோரில் இறங்கினால் எதிரே சிம் லிம் சதுக்கம். கணினிக் கடைகள் அங்கே முன்போல் இல்லை என்றாலும் பழுது பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ‘மதர்போர்டு போச்சு’ என்று ஒருவர் சொன்னால் எந்த இடம் என்று காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

பழையதைச் சரிசெய்வதற்கும் ஓர் எல்லை உண்டு. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்பு மேம்பாடு நின்றுவிட்டது; பல பழைய கணினிகளில் விண்டோஸ் 11 ஏறாது. கடிதம் எழுதவும் செய்தி படிக்கவும் மட்டும் என்றால் இலவச லினக்ஸ் போட்டு இன்னும் சில ஆண்டு ஓட்டலாம். வங்கிக் கணக்கையும் அரசாங்கச் சேவைகளையும் திறக்கும் கணினியைப் பாதுகாப்பு மேம்பாடு இல்லாமல் வைத்திருப்பது வம்பு. அப்படிப் புதியது வாங்கினால், அதைக் கொண்டுவந்து இறக்கும் கடைக்காரர் பழைய கணினியை இலவசமாக எடுத்துச்செல்ல வேண்டும் என்பது 2021 ஜூலை 1 முதல் இங்கே சட்டம். அவர் வந்து கதவைத் தட்டுவதற்குள் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான பெட்டிகளில் அது நான்கு திருகாணி வேலை.