வெற்றிலைக் கூறும் விஞ்ஞான விசாரணையும்

(சங்கத்தின் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இரசாயனப் பொருள்களும் மருந்துகளும் புற்றுநோயை உண்டாக்குமா என்பதை விஞ்ஞானிகள் எவ்வாறு சோதித்தறிகின்றனர் என்பதுபற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். மிகப் பரந்த பொருள் இது. சாயம், களைகொல்லி, மாத்திரை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனால் அட்டனுக்குப் போகும் கடைசி பஸ்ஸையும் நாம் தவறவிட நேரும். ஆகையால் உங்கள் எல்லோருக்கும் நன்கு பழக்கமான ஒரு பொருளையே எடுத்துக்கொள்கிறேன். அது வெற்றிலைக் கூறு.

கொட்டகலைக் கடைவீதியில் வெற்றிலை விற்காத கடை எத்தனை? தாம்பூலம் மாற்றாமல் நம்மிடையே நிச்சயதார்த்தம் உண்டா? பனி விழும் காலையில் மலைக்கு ஏறும் நம் தாய்மாருக்குக் குளிரையும் பசியையும் சற்றே மறக்கச் செய்வது கன்னத்தில் அடக்கிய அந்தக் கூறுதான். அதைப் பழிப்பதற்காக நான் இங்கு நிற்கவில்லை. அதற்குள் இருக்கும் நான்கு பொருள்களுள் குற்றவாளி எது என்பதை ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்த கதையைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

சந்தேகம் பழையது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நெய்யூரில், இலண்டன் மிஷன் வைத்தியசாலையில் பணியாற்றிய டாக்டர் பென்டால், திருவிதாங்கூரில் தாம் கண்ட 1,700 புற்றுநோயாளரைப் பற்றி 1908ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். வாயிலும் கன்னத்திலும் வரும் புற்று அங்கே மிகுதியாகக் காணப்பட்டது. பின்னர் 1959இல் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் வாய்ப்புற்றின் காரணங்களை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். வெற்றிலை மெல்லுவோரிடையே இந்நோய் அதிகம் என்பதில் ஐயம் இல்லை. ஆனால் மெல்லுவோர் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகிய நான்கையும் ஒன்றாகவே மெல்லுகின்றனர். நால்வர் சேர்ந்து வந்த வீட்டில் களவு போனால் யாரைப் பிடிப்பது? நெடுங்காலம் பழி பெரும்பாலும் புகையிலைமீதே விழுந்தது. பாக்கு நல்ல பிள்ளையாக ஒதுங்கி நின்றது.

இந்த நால்வரையும் தனித்தனியே விசாரிப்பதே நச்சியல் ஆராய்ச்சியாளரின் வேலை. விசாரணை முறைகளுள் இரண்டை மட்டும் விளக்குகிறேன்.

முதலாவது விரைவானது. அமெரிக்க விஞ்ஞானி புரூஸ் ஏம்ஸ் 1970களின் தொடக்கத்தில் வகுத்தது. சல்மனெல்லா என்னும் பற்றீரியாவில் ஒரு வகை உண்டு. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே செய்துகொள்ள அதனால் இயலாது. ஹிஸ்டிடின் இல்லாத உணவில் அது பெருகாது. இப்பொழுது நாம் சந்தேகிக்கும் பொருளைச் சேர்க்கிறோம். அப்பொருள் பற்றீரியாவின் பரம்பரை அலகைத் தாக்கி மாற்றிவிட்டால், சில பற்றீரியாக்கள் இழந்த திறனை மீண்டும் பெற்றுக் கூட்டம் கூட்டமாக வளர்கின்றன. அக்கூட்டங்களை எண்ணினால் போதும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சில பொருள்கள் உள்ளே போகும்போது சாதுவானவை. நம் ஈரலே அவற்றை நஞ்சாக மாற்றுகிறது. ஆதலின் எலியின் ஈரற்சாற்றையும் தட்டில் கலந்து வைக்கின்றனர். இரண்டு நாளில் விடை கிடைத்துவிடும். ஆனால் பரம்பரை அலகை மாற்றும் பொருள் யாவும் புற்றை உண்டாக்குமென்பது நிச்சயமில்லை. அலகைத் தொடாமலே புற்றுக்கு வழிவிடும் பொருள்களும் உண்டு. இது சந்தேக நபரைச் சுட்டிக்காட்டும் சோதனையே தவிர, தீர்ப்பு அன்று.

இரண்டாவது முறை பொறுமையைச் சோதிப்பது. எலிகளுக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள், அதாவது அவற்றின் ஆயுளின் பெரும்பகுதி, அப்பொருளைக் கொடுத்துவருகின்றனர். ஒவ்வொரு தொகுதியிலும் வழக்கமாக ஐம்பது ஆண், ஐம்பது பெண். கொடுக்காத தொகுதியொன்றும் அருகிலேயே வளரும். முடிவில் ஒவ்வோர் உறுப்பையும் நுண்ணோக்கியில் பார்க்கின்றனர். "எலிக்கு அவ்வளவு கொடுத்தால் எதுதான் நோய் தராது?" என்று என் வகுப்புத் தோழர்களே கேட்பதுண்டு. ஆயிரம் மனிதரில் ஒருவருக்கு நோய் தரும் பொருளை அதே சிறிய அளவில் ஐம்பது எலிகளுக்குக் கொடுத்தால் ஒன்றுக்குக்கூட நோய் தெரியாமற் போகலாம். ஆயிரக்கணக்கில் எலி வளர்க்கப் பெரும்பாலான ஆய்வுகூடங்களுக்கு வசதியில்லை. அதனால்தான் அளவைக் கூட்டுகின்றனர். இதில் குறையுண்டு, எலி மனிதனல்ல என்பதை ஆராய்ச்சியாளர் நம்மைவிட நன்றாக அறிவர்.

இனிப் பாக்கின் கதைக்கு வருவோம். ஹாம்ஸ்டர் என்றொரு சிறு பிராணி, தானியத்தைக் கன்னத்துப் பையில் அடக்கி வைப்பது. நாம் வெற்றிலையை அடக்குவது போலத்தான்! அதன் கன்னப் பையில் பாக்கின் சாற்றைத் தடவியபோது புற்றுத் தோன்றியதென 1971இல் 'நேச்சர்' சஞ்சிகையில் செய்தி வந்தது. புகையிலை அங்கே இல்லை. பம்பாயிலும் இவ்வேலை ஊக்கமாக நடைபெற்றது. புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் கமல் ரணதிவே அவர்களும் துணையாளரும் பாக்கையும் புகையிலையையும் விலங்குகளிற் சோதித்து 1976இல் முடிவுகளை வெளியிட்டனர். அதே நிலையத்தைச் சேர்ந்த பிடே அவர்களின் குழுவினர் பாக்கின் நீர்ச்சாற்றை எலிகளுக்கு ஊட்டினர், கட்டிகள் தோன்றின. அக்குழுவினர் வெற்றிலையை மட்டும் தனியே சோதித்தபோது கிடைத்த விடைதான் எனக்கு மிகவும் பிடித்தது. வெற்றிலை குற்றமற்றது, போதாக்குறைக்குப் பிற பொருள்களின் கேட்டையும் பற்றீரியாச் சோதனையில் ஓரளவு குறைத்தது. கூட்டாளிகளால் கெட்ட பெயர் எடுத்தது பாவம், இலைதான்.

சுண்ணாம்பு அத்தனை நிரபராதியன்று. வாயிற் காரத்தன்மையைக் கூட்டி, பாக்கிலுள்ள பொருள்களிலிருந்து தீங்கு செய்யும் ஒட்சிசன் வடிவங்கள் பிறக்க அது துணைபோகிறது.

இவ்வளவு இருந்தும் தீர்ப்பு உடனே வரவில்லை. பிரான்சின் லியோன் நகரில் 1965இல் நிறுவப்பட்ட சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், இத்தகைய சான்றுகளை நிறுத்துப் பார்க்கும் மன்றம் எனலாம். 1985இல் அது புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூறு மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று முடிவு செய்தது. புகையிலை சேராத கூறுபற்றிச் சான்று போதாது என்றது. சான்று போதாது என்பதற்கு நிரபராதி என்று பொருளல்ல; ஆனால் மக்கள் காதில் அப்படித்தான் விழுந்தது. புகையிலை சேர்க்காமலே பாக்கை மெல்லும் மக்கள் தைவானில் வாழ்கின்றனர். அவர்களிடையே நடந்த ஆய்வுகள் குறையை நிரப்பின. 2003இல் லியோனில் கூடிய நிபுணர்கள் பாக்கையே, தனித்து நின்றாலும், புற்றுநோய் தரும் பொருள்களின் முதலாம் தொகுதியிற் சேர்த்தனர். முதலாம் தொகுதி என்பது சான்றின் உறுதியைக் காட்டுவது. ஒரு பாக்கு ஒரு சிகரெட்டுக்குச் சமம் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள்.

நம் லயங்களில், "நான் பொகையில போடுறதில்ல, வெறும் பாக்குத்தான்" என்று ஆறுதலோடு சொல்லும் பெரியவர்கள் பலர். புகையிலையை விட்டது நல்லதே. ஆனால் அந்த ஆறுதலுக்கு 2003க்குப் பிறகு ஆதாரம் இல்லை. 2016இல் நம் நாட்டில் புகையிலை கலந்த மெல்லும் பொருள்களின் விற்பனை தடைசெய்யப்பட்டது. வெறும் பாக்கு அத்தடைக்குள் வரவில்லை.

இவ்வாராய்ச்சி பம்பாயோடும் லியோனோடும் நின்றுவிடவுமில்லை. தோட்டப் பிரதேசங்களில் வெள்ளைக் கோட்டுடன் வந்து மக்களின் வாயைத் திறந்து பார்த்தவர்கள் நம் நாட்டவரே. அடிப்படைச் சுகாதார ஊழியரைப் பயிற்றினால் வாய்ப்புற்றை முன்கூட்டியே இனங்காண முடியுமென சமன் வர்ணகுலசூரிய அவர்களும் குழுவினரும் 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் காட்டினர். மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே வாய்ப்புற்றும் அதற்கு முந்திய நிலைகளும் எவ்வளவு என்று கணக்கெடுத்த ஆய்வொன்று 2007இல் வெளிவந்தது. அதில் எழுதப்பட்டிருப்பது நம் அத்தைமாரையும் மாமன்மாரையும் பற்றியே.

அவர்கள் தேடியவை இவைதாம்: வாய்க்குள் துடைத்தாலும் போகாத வெள்ளைத் தழும்பு, செந்நிறத் திட்டு, மூன்று வாரம் கடந்தும் ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், நாளுக்கு நாள் வாய் திறப்பது குறைதல். கடைசியாகச் சொன்னது பாக்கினால் வாயின் உட்தோல் நாராக இறுகுவதன் அடையாளம். இவற்றுள் பல தொடக்கத்தில் நோவதில்லை. அதனால்தான் வைத்தியரிடம் போவதற்குத் தாமதமாகிறது. கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்பேன். கேள்விகள் இருப்பின் கேளுங்கள்.