பற்றையைக் கிண்டுறதா, கதியால் போடுறதா?

(கிழக்கு லண்டனில் எங்கள் தோட்டக் குழுவின் இலையுதிர்காலக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தோட்டத்தின் வடக்குப் பக்கத்துக்கு உயிர்வேலி வேணும் எண்டு போன கூட்டத்தில முடிவெடுத்தம். ஹோதோர்ன், எல்டர், காட்டு ரோஜா மாதிரி இந்த மண்ணின்ர பற்றைகள். குழுவிட்டக் காசு இல்லை. எப்பிங் காட்டில இதெல்லாம் எக்கச்சக்கமாக நிக்குது, ஒரு வானும் ரெண்டு மண்வெட்டியும் இருந்தால் ஒரு பின்னேரத்தில வேலை முடியும் எண்டு சிலர் எழுதியிருந்தீங்கள். காடு எல்லாருக்கும் பொது, அதுக்கு யாரிட்டக் கேக்கிறது எண்ட வாதமும் வந்தது. அந்த வாதத்தை நான் லேசாகத் தள்ளமாட்டன். ஆனால் கிண்டக்கூடாது எண்டுதான் சொல்ல வந்திருக்கிறன்.

முதல்ல சட்டம். 1981ஆம் ஆண்டின் வனவுயிர், நாட்டுப்புறச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, எந்தக் காட்டுச் செடியையும் வேண்டுமென்றே வேரோடு பிடுங்குவது குற்றம். அருமையான செடி எண்டில்லை, எந்தச் செடியும். யாருக்கு விலக்கு? நிலத்தின் சொந்தக்காரருக்கும், அதைப் பயன்படுத்துறவருக்கும், அவை அனுமதி குடுத்த ஆக்களுக்கும். 1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டம் இன்னும் சுவாரசியமானது. காட்டுச் செடியில இருந்து பூ, பழம், இலை பறிச்சால், விக்கிற நோக்கம் இல்லாதவரைக்கும் அது திருட்டு இல்லை. முழுச் செடியைக் கிளப்பினால் அந்த விலக்கு உங்களுக்கு இல்லை.

இதில இருக்கிற நக்கலைக் கவனியுங்கோ. நாங்கள் ஒரு பற்றையைக் கிண்டினால் குற்றம். சொந்தக்காரர் அடுத்த நாள் புல்டோசர் விட்டு முழுப் பற்றைக்காட்டையும் வழிச்செடுத்தால், விசேட பாதுகாப்புப் பட்டியலில உள்ள செடி இல்லாதவரைக்கும், இந்தப் பிரிவு அவரைக் கேள்வி கேக்காது. பாதி செடியைக் காக்கிற சட்டம், பாதி சொத்தைக் காக்கிற சட்டம்.

"பொது" எண்ட சொல்லுக்கு இந்த நாட்டில ஒரு வரலாறு இருக்கு. 1604க்கும் 1914க்கும் இடையில 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்பு மசோதாக்கள் பாராளுமன்றத்துக்கு வந்தன. 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்தின்ர நிலப்பரப்பில ஐந்தில் ஒரு பங்குக்கு மேல, பொதுப் பாவனையில இருந்து வேலிக்குள்ள போனது. அப்ப "காடு எல்லாருக்கும் பொது" எண்டு சொல்லுற தோழர், பறிபோன ஒண்டைப் பற்றித்தான் பேசுறார்.

ஆனால் அந்தப் பொது உரிமை என்னவாக இருந்தது எண்டு பாக்கவேணும். எப்பிங் காட்டோரம் லவ்டன் எண்ட ஊர். சென்ட்ரல் லைனில போகேக்க கடந்திருப்பீங்கள். அந்த ஊர்ச் சனத்துக்குக் குளிர்காலத்தில காட்டு மரங்களின்ர கொப்பு வெட்டி விறகாக்கிற உரிமை இருந்தது. 1860களில பிரபு காட்டை வேலியடைக்க, தோமஸ் வில்லிங்கேல் எண்ட தொழிலாளி விடாமல் வெட்டினார். 1866இல அந்தக் குடும்பத்தவை சிறைக்கும் போனவை. அந்தப் போராட்டமும் நீதிமன்ற வழக்குகளும் சேர்ந்துதான் 1878இல எப்பிங் காட்டுச் சட்டம் வந்து காடு தப்பினது. கொப்பு வெட்டுற உரிமை அதோட போயிற்று. நட்டஈட்டுக் காசில கட்டின லொப்பிங் ஹோல் எண்ட மண்டபம் இண்டைக்கும் லவ்டனில நிக்குது. கொப்பு வெட்டு மண்டபம் எண்டு தமிழில சொல்லலாம்!

அவையின்ர உரிமை கொப்புக்கு. வேருக்கு இல்லை. தலைக்கு மேல வெட்டுவினம், மரம் திருப்பித் துளிர்க்கும், சில வருசத்தால திருப்பி வெட்டுவினம். அப்பிடி வெட்டுப்பட்ட ஹோர்ன்பீம், பீச் மரங்கள் அங்க நூற்றுக்கணக்கான வருசமாக நிக்குது. பொதுவை அனுபவிச்ச சனம் மரத்தைக் கிளப்பிக்கொண்டு போகேல்லை, அடுத்தமுறை வெட்ட அது அங்கயே நிக்கவேணும் எண்டபடியால்.

வேரோட கிளப்பினவை வேற ஆக்கள். ஜோசப் ஹூக்கர் 1850இல இண்டைய மேகாலயாவின் காசி மலையில நீல வண்டா ஓர்க்கிட்டை ஏழு ஆள் சுமையாகச் சேர்த்து கியூ பூங்காவுக்கு அனுப்பினார். உயிரோட இங்க வந்து சேர்ந்தது கொஞ்சம்தான். சீனாவில இருந்து ரொபர்ட் பார்ச்சூன் கிழக்கிந்தியக் கம்பனிக்காகக் கடத்தினதும் ஒரு பற்றைதான். வெட்டி வெட்டி இடுப்பளவில வைச்சிருக்கிறபடியால நாங்கள் அதைத் தேயிலைச் செடி எண்டுறம். 1867இல ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில 19 ஏக்கரில தேயிலை வைச்சார். அந்தப் பற்றைக்குப் பின்னால தமிழ்நாட்டில இருந்து மலையேறின சனத்தின்ர கதையைத் தனியாகத்தான் பேசவேணும்.

சரி, மண்ணுக்கு வருவம். காட்டில தானாக முளைச்ச பற்றையின்ர வேர் தூரத்துக்கு ஓடும். தண்ணி குடிக்கிற மெல்லிய வேரெல்லாம் கொப்பு நுனிக்கு நேர கீழயும் அதுக்கு அப்பாலும் மேல்மண்ணில கிடக்கும். நீங்கள் அடியில வட்டமாகக் கிண்டேக்க அதில பெரும்பகுதி அங்கயே நிண்டுவிடும். இலை கேக்கிற தண்ணியை மிச்ச வேரால குடுக்கேலாது. முதல் வசந்தத்தில பச்சையாக நிக்கும், ஆடி மாச வெயிலுக்குக் கருகும். ஹீதர் மாதிரிச் செடியள் இன்னும் மோசம்: வேரில ஒட்டி வாழுற பூஞ்சணமும் புளிச்ச மண்ணும் அதுக்கு வேணும், எங்கட தோட்டத்துக் களிமண்ணில நிண்டு பிடிக்காது.

எங்கட அம்மம்மாமார் யாழ்ப்பாணத்தில வேலி எப்பிடிப் போட்டவை? கிளுவை, பூவரசு, முள்முருக்கு. ஒண்டையும் வேரோட கிளப்பேல்லை. தடி வெட்டிக் கதியால் போட்டவை, மாரி மழையோட அது துளிர்க்கும். வீட்டில கேளுங்கோ, கதியால் எண்டால் என்ன எண்டு சொல்லுவினம். அதே வேலைதான் இங்கயும். இலை கொட்டின பிறகு, பென்சில் மொத்தத்தில, ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைய, அந்த வருசத்துத் தடியாக வெட்டி, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள்ள. எல்டர், டொக்வுட், காட்டு ரோஜா எல்லாம் அப்பிடி வரும். ஹோதோர்ன் தடியில லேசில வேர் விடாது, விதை முளைக்க ரெண்டு குளிர்காலம் எடுக்கும். அதை மட்டும் நாற்றுமேடையில வெறும் வேரோட விக்கிற கன்றாக வாங்குவம். வேர் அடக்கமாக இருக்கும்படி வளர்த்த கன்று, பிழைக்கும். தடியும் எப்பிங்கில வெட்டுறேல்லை. அங்க காளான் பிடுங்கவே தடை. எங்கட ஆக்களின்ர வீட்டுப் பின்வளவில நிக்கிறதிலயே காணும்.

கிண்டலாம் எண்டு நான் சொல்லுற ஒரே இடம் ரயில் பாதையோர நிலம். கட்டடத்துக்கு அனுமதி கிடைச்சாச்சு, இந்தக் குளிர்காலத்துக்குள்ள மெசின் வரும். அங்க நிக்கிற பற்றைக்கு எங்கட மண்வெட்டியை விட்டால் வேற கதி இல்லை. அதுக்கும் சொந்தக்காரரிட்ட எழுத்தில அனுமதி வேணும். முழங்கால் உயரத்துக்கு உட்பட்டதை மட்டும், இலை கொட்டின பிறகு, தலையை அரைவாசி வெட்டிவிட்டு, ஈரச் சாக்கில சுத்தி அண்டைக்கே நடவேணும். அந்த நிலத்தின் ஒரு மூலையில ஜப்பானிய நொட்வீட் நிக்குது. அதுக்குக் கிட்ட ஒரு பிடி மண்கூட எடுக்கக்கூடாது.

அனுமதி தராவிட்டால் இரவில போவம் எண்டு ஒரு தோழர் சொன்னார். எங்களில பாஸ்போர்ட் உள்ளவை இருக்கினம், விசா விண்ணப்பத்தோட இருக்கிறவையும் இருக்கினம். குடியுரிமைக்கு நன்னடத்தை பாக்கினம், சின்னக் குற்றப்பதிவும் அங்க கேள்வியாக வரும். ஒரே மண்வெட்டி எல்லாருக்கும் ஒரே பாரம் இல்லை. மறுத்தால் அந்த மறுப்புக் கடிதத்தை அப்பிடியே வெளியில போடுவம். ஒரு தெரு முழுக்கப் பற்றையை அழிக்கிறவை, ஒரு சாக்குப் பற்றையைத் தரமாட்டினம் எண்டதை அயலுக்குத் தெரியட்டும்.

கடிதத்தின்ர வரைவு மேசையில இருக்கு, போக முதல் வாசிச்சுக் கையெழுத்து வையுங்கோ. கதியால் வெட்டுறது நவம்பர் கடைசிச் சனி. கத்தரிக்கோல் இருக்கிறவை கொண்டுவாங்கோ, பழைய சாக்கு இருந்தாலும்.