கல்லாய்ச் சமைந்தவள் அருகில் ஒரு பாட்டு



மனம் கலங்கிய சவுல் அரசருக்குத் தாவீதின் யாழ் ஆறுதல் தந்ததை 1 சாமுவேல் 16இல் வாசிக்கிறோம். இரண்டு அதிகாரம் தாண்டினால், யாழ் மீட்டிக்கொண்டிருக்கும் தாவீதின்மேலேயே சவுல் ஈட்டி எறிகிறார். ஆகவே பாட்டு இருந்தால் மருந்து வேண்டாம் என்று நாம் சொல்வதில்லை. ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் இசைநூலை 1917இல் வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரே சித்த மருத்துவர்தானே!

நம் முத்துக்குளித்துறையில், கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டில், நாம் பேசும் ஆறுதல் எதுவும் உள்ளே இறங்குவதில்லை. பெண்கள் சுற்றி அமர்ந்து ஒப்பாரி வைக்கும்போதுதான், கல்லாய்ச் சமைந்திருந்தவள் வாய்விட்டு அழுகிறாள். இன்று அது நாகரிகமில்லையாம். ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுவிடுகிறார்கள். அந்தச் சத்தத்தில் அவள் அழுகை யாருக்குக் கேட்கும்?

முப்பதாம் நாள் திருப்பலி முடிந்தபின்னும் அந்த வீட்டுக்குப் போவோம். அவளோடு உட்கார்ந்து, அவளுக்குத் தெரிந்த மாதா பாட்டைப் பாடுவோம். அப்போதும் தூக்கமின்றித் தவித்தால், மருத்துவரிடம் நாமே கூட்டிப்போவோம்.