மயில் கழுத்துப் பட்டும் திருவாசக இசையும்
(பொன்விழாவையொட்டிப் பாடகர் குழுவினரிடையே பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழாத் திருப்பலிக்கு ஆர்கன் வேண்டும் என்று இளைஞர்களும், மிருதங்கமும் நாதஸ்வரமும் போதும் என்று பெரியவர்களும் சில வாரங்களாக என்னிடம் வாதாடி வருகிறீர்கள். முடிவு சொல்வதற்கு முன், மேல்நாட்டு இசையும் கீழ்நாட்டு இசையும் இணைந்த இரண்டு படைப்புகளைப் பற்றிக் கூற விரும்புகிறேன்.

முதலாவது, 2005 ஆம் ஆண்டு வெளிவந்த இசைஞானி இளையராஜாவின் ‘திருவாசகம்’. மாணிக்கவாசகரின் பாடல்களுக்கு ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவினர் வாசித்தார்கள். இதை வெளிக்கொணர்ந்தது, கத்தோலிக்கக் குருவான ஜெகத் கஸ்பர் நிறுவிய ‘தமிழ் மையம்’. சைவ நூலில் குருவானவருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அந்நூலை 1900 இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்ட ஜி. யு. போப் ஐயரும் கிறிஸ்தவ மறைப்பணியாளரே!

நம் இசையில் இராகம் ஒரே வழியாகச் செல்லும். கமகமே அதற்கு அழகு. மேல்நாட்டு இசையிலோ பல கருவிகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களை ஒலித்து ஒத்திசைக்கும். ‘திருவாசகத்தில்’ இரண்டும் உண்டு. பின்னால் வயலின்கள் திரண்டு எழும்போதும் பாடல் தமிழாகவே ஒலிக்கிறது.

இரண்டாவது, கம்போடிய நாட்டு இசையமைப்பாளர் ஹிம் சோஃபியின் ‘பங்சுகோல்’. 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் கொடுங்கோலாட்சியில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிறுவனாக அதைக் கடந்து வந்தவர் அவர். இறந்தோருக்காக நாம் பாடும் ‘ரெக்குயெம்’ என்னும் இசைவடிவத்தை எடுத்து, கெமர் நாட்டுக் கருவிகளையும் மேல்நாட்டு வாத்தியங்களையும் சேர்த்து அமைத்தார். 2017 இல் மெல்போர்னில் அது அரங்கேறியது. ‘பங்சுகோல்’ என்பது இறந்தோர்மீது வெண்துணி போர்த்திப் பௌத்தர்கள் செய்யும் சடங்கின் பெயர். தம் மக்களின் துயரத்தைச் சொல்ல அவருக்கு இரண்டு இசைகளும் தேவைப்பட்டன.

ஆரணிக்காரர்களுக்கு இது புதிதல்ல. மயில் கழுத்து நிறப் புடவைக்குப் பாவில் நீலமும் ஊடையில் பச்சையும் போடுகிறீர்கள். இரண்டு சாயத்தையும் ஒரே தொட்டியில் கொட்டுவதில்லை. அந்தந்த இழை தன் நிறத்தோடு இருப்பதால்தான் வெளிச்சத்தில் புடவை அப்படி மின்னுகிறது.

1963 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, 119 ஆம் எண்ணில் அந்தந்த மக்களின் இசைக்கு உரிய இடம் தரச் சொல்கிறது. 120 ஆம் எண்ணில் ஆர்கனை உயர்வாக மதிக்கச் சொல்கிறது. ஆகவே விழாவில் இரண்டும் ஒலிக்கும். ஆனால் ஒரு நிபந்தனை: ஆர்கன் வாசிக்கும் தம்பி பெரியவர்களிடம் இராகம் கற்க வேண்டும், மிருதங்கம் வாசிக்கும் பெரியவர் இளைஞர்களின் ஒத்திகைக்கு வந்து அமர வேண்டும். ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்டுப் பழகாமல் சேர்ந்து வாசித்தால் இரைச்சல்தான் மிஞ்சும்.

வரும் சனிக்கிழமை மாலை முதல் ஒத்திகை. இரு தரப்பாரும் வாருங்கள். இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக!