கல்லுக்கு இட்ட பெயர்



கொண்டப்பநாயக்கன்பட்டியை ஒட்டிய சேர்வராயன் மலையடிவாரத்தில் நடப்பவர் காலில் இருவகைக் கற்கள் இடறும். ஒன்று வெள்ளை, மற்றொன்று கறுப்பு.

வெள்ளைக் கல் பூக்கோசின் முகம்போல் திரண்டிருக்கும். பார்த்தவுடன் சுண்ணாம்புக்கல் என்றே தோன்றும். ஆங்கிலேயர்க்கும் அவ்வாறே தோன்றியது போலும். அக்குன்றுகளுக்குச் ‘சாக் ஹில்ஸ்’ எனப் பெயரிட்டனர். சாக் என்பது கடல்வாழ் நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து உண்டாகும் பாறை. இங்கோ கடலும் இல்லை, ஓடும் இல்லை. ஆழத்திலிருந்து எழுந்த, மக்னீசியம் மிகுந்த ட்யூனைட் பாறை கரியமிலவாயு கலந்த நீரால் சிதைந்தது. அதன் வெடிப்புகளில் வெண்ணரம்புகளாகப் படிந்ததே இக்கல். அறிவியல் இதனை மாக்னசைட் என்னும். ஊரார் ‘வெள்ளைக்கல்’ என்றனர். அப்பெயரில் பிழை காண வழியில்லை.

ஐயம் தீர்க்க ஒரு துளி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் போதும். சுண்ணாம்புக்கல் உடனே நுரைத்துப் பொங்கும். வெள்ளைக்கல் வாய் திறவாது. பொடியாக்கிச் சூடேற்றினால்தான் பொங்கும். சுண்ணாம்பென நம்பிக் காளவாயில் இட்டுச் சுவரெழுப்ப நினைப்பவன் ஏமாறுவான். எஃகு உருக்குபவனோ இதைத் தேடி வருவான். இக்கல்லைச் சுட்டுப் பெறும் மக்னீசியா உருகுவதற்கு 2,800 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். ஆகவேதான் எஃகு உலைகளின் உட்சுவர்ச் செங்கல் இதனால் ஆயிற்று.

கறுப்புக் கல்லின் கதை கல்கத்தாவுக்கு இட்டுச் செல்லும். அங்கே செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில், 1693இல் மறைந்த ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் உள்ளது. வங்கத்து வண்டல் மண்ணில் அத்தகைய பாறை ஏது? இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலந்து, அது சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறையினமே என்று கண்டார். 1893இல் ‘சார்னாக்கைட்’ என்று பெயரும் இட்டார். சேர்வராயன் மலையும் பெரும்பாலும் இக்கல்லே. தென்னகத்து மலைகளைத் தாங்கும் கல், வங்கத்தில் புதைந்த ஓர் ஆங்கில வணிகரின் பெயரால் உலகெங்கும் அறியப்படுகிறது!

நம் ‘கருங்கல்’ என்னும் சொல்லோ கறுத்து இறுகிய கற்கள் பலவற்றையும் ஒருங்கே அணைத்துக்கொள்வது. கவிதைக்கு அது போதும். கல்லை இனங்காணப் போதாது.

ஏற்காட்டுச் சாலையில் செல்லும் அன்பர்கள், புதிதாக உடைந்த முகத்தையே நோக்க வேண்டும். நீலம் கலந்த சாம்பல் நிறத்தில், எண்ணெய் தடவியதுபோல் அது மினுங்கும். வெயிலும் மழையும் பட்ட மேற்புறம் பழுப்பேறி, வேறு கல்லென்று ஏய்த்துவிடும்.