கேட் வாசலில் நிற்பவர் யார்?



ஒருவர் காணாமல் போனால் குடும்பம் போலீஸ், போஸ்டர், காசு இருந்தால் தனியார் துப்பறிவாளர் என்று தேடும். மறுமுனையிலிருந்து, தெருவில் கிடைத்தவரின் குடும்பத்தைத் தேடும் தொண்டு நிறுவனமும் உண்டு. மும்பையில் மனநல மருத்துவர் பரத் வட்வானியும் மனைவி ஸ்மிதாவும் 1988இல் தொடங்கிய ஷ்ரத்தா மறுவாழ்வு அறக்கட்டளை அப்படிப்பட்டது.

சாக்கடைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞரைக் கூட்டிவந்து சிகிச்சை கொடுத்தார்கள். தெளிந்த பிறகு பார்த்தால், அவர் ஆந்திராவைச் சேர்ந்த பட்டதாரி! முதலில் மருந்து, நினைவு திரும்பியதும் அவர் சொல்லும் ஊர்ப் பெயரை வைத்து வீட்டைத் தேடிக் கொண்டுபோய் விடுவது. இதுதான் அவர்கள் வேலை. வட்வானிக்கு 2018இல் மகசேசே விருது கிடைத்தது.

நம் கேட் முன்னால் அப்படி யாராவது நின்றால் செக்யூரிட்டியிடம் "துரத்துப்பா" என்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். அவர் அடுத்த தெருவுக்குப் போனால் நமக்கு நிம்மதி. எங்கோ தேடுகிற அம்மாவுக்கு?

இனி 112க்கு அழைப்போம். மனநோயுடன் தெருவில் திரிபவருக்காகக் காணாமல் போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேடுவது, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவுப்படி காவல் நிலையத்தின் கடமை. போலீஸ் வரும்வரை தண்ணீர் கொடுத்து, பேரும் ஊரும் கேட்போம்.